எரியும் பல்பின் தடையும் அணைந்த பல்பின் தடையும்
மின்தடை, மின்திறன் கணக்கீடு பற்றி மாணவர்களுக்காக வெளியான கட்டுரையைப் படித்தேன். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடையும், இரண்டையும் பெருக்கினால் திறனும் கிடைக்கும் என்பதைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட 100 வாட் குண்டு பல்பைப் பற்றி ஒரு விளக்கம் கட்டாயம் சேர்க்கப்பட வேண்டும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 0.435 ஆம்பியர் எடுப்பதால் மின்தடை 529 ஓம் என்று வருவது சரியே. அதே பல்பைக் கழற்றி, மின்தடையை அளக்கும் கருவியான மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்கும் மாணவருக்கோ சுமார் 40 ஓம்தான் காட்டும். உடனே சூத்திரம் தவறு என்றோ மீட்டர் பழுது என்றோ அவர் முடிவுகட்டிவிடக் கூடாது. டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறும்போது அதன் தடை பத்து மடங்குக்கு மேல் உயர்கிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு பாய்வதும், நாள்பட்ட பல்புகள் பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே ஃபியூஸ் போவதும் இதனால்தான்.

இஸ்திரிப் பெட்டியின் நைக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலப்புலோகம்) கம்பியில் இந்த வேறுபாடு மிகக் குறைவு என்பதால், பாடத்துக்கு அதுவே பொருத்தமான எடுத்துக்காட்டு என்பது என் கருத்து. 230 வோல்ட்டுக்கான 1,000 வாட் பெட்டியின் தடை 52.9 ஓம், மின்னழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கினால் திறன் 756 வாட்டாகக் குறைந்துவிடும். மின்விசிறியின் திறனைக் கணக்கிட மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் மட்டும் போதாது, திறன் காரணியாலும் (இரண்டும் ஒரே கணத்தில் உச்சத்தை எட்டாததைக் கணக்கில் கொள்ளும், ஒன்றுக்குக் குறைவான எண்) பெருக்க வேண்டும்.