டார்ச் எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் வேண்டாமா?

சார்ஜ் டார்ச்சின் இழை பல்பைக் கழற்றி, வெள்ளை எல்.இ.டி.யை நேரடியாக இணைக்கலாம், ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகம்) தேவையில்லை என்று பரவும் செய்தி தவறானது.

இழை சூடாகும்போது மின்தடை கூடுவதால் பல்பின் மின்னோட்டம் கட்டுக்குள் நிற்கும், எல்.இ.டி.யிலோ மின்னழுத்தம் சற்றே மிஞ்சினாலும் மின்னோட்டம் எகிறிவிடும். 5 மி.மீ. வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3.2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் போதும்; இத்தகைய டார்ச்சில் உள்ள 4 வோல்ட் ஈய அமில பேட்டரியோ முழு சார்ஜில் 4.2 வோல்ட்டை எட்டும். நேரடியாக இணைத்தால் முதலில் கண்கூச எரிந்து, பின்னர் நீலம் பாரித்து மங்கி அணைந்துவிடும்.

பொத்தான் செல்லில் ரெசிஸ்டர் இல்லாமலேயே எரிகிறதே என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அங்கே செல்லின் உள்தடையே (செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடை) காவலாகிறது, ஈய பேட்டரியில் அது மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் ஒரு 56 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து, நீளமான காலை நேர்முனைப் பக்கம் இணையுங்கள்.