தீசிஸ் முடியட்டும் என்று கதையைத் தள்ளிப்போடாதீர்கள்

பிஎச்.டி. சேரும் பிள்ளைகளிடம் நெறியாளர்கள் சொல்லும் ஒரு பேச்சு எனக்கு வெகுநாளாக உறுத்தல். "கதை கவிதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா, முதல்ல தீசிஸை முடி." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டு எழுதுவதை நிறுத்தியவர்களில் திரும்பி வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு நீட்டிப்பு கிடைக்கலாம். இருபத்தைந்து வயதில் நோட்டை மூடி வைக்கும் பெண், அதைத் திறக்க நினைக்கும்போது முப்பதைத் தாண்டியிருப்பாள். அதற்குள் வேலை தேடி அலைச்சல், கல்யாணம், கைக்குழந்தை. கதை எழுதிய கை அவளுக்கே அந்நியமாகிவிடும்.

நான் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன், சிறுகதை எழுதுகிறேன். ரெண்டையும் எப்படி மேடம் ஒண்ணா பார்க்குறீங்க என்று இன்பாக்ஸில் கேட்கும் மாணவிகளுக்கும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தங்கைகளுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

வேலைச் சுமை உண்மையானது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். யுஜிசியின் 2018 விதிமுறைகளில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, மொத்தமாக 40 மணி நேர வேலை என்றிருக்கிறது. சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள், அவர்களுடைய டைம்டேபிள் இந்த 16-ஐ எப்போதோ தாண்டியிருக்கும். எந்த ஹவர் கணக்கிலும் வராத வேலைகள் வேறு. இன்டர்னல் தாள்கள், அசைன்மென்ட் கட்டுகள், மென்டார் ஃபைல், அட்மிஷன் நேரத்தில் பள்ளி பள்ளியாகப் போய் நிற்பது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது என்றால் ஐந்து வருடத்து நிகழ்ச்சிகளுக்கும் ஜியோடேக் போட்டோவோடு அறிக்கை.

ஆனால் நேரம் போவதைவிட எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது வேறு ஒன்று. இந்த வேலை நம்மிடமிருந்து மொழியை எடுத்துக்கொள்கிறது. தமிழில் எத்தனையோ பேர் வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். வண்ணதாசனும் கலாப்ரியாவும் வங்கியில் இருந்தார்கள், ஜெயமோகன் தொலைபேசித் துறையில் இருந்தார். கவுன்ட்டரும் கணக்கும் பகல் முழுக்க ஒரு மனிதரை வாட்டி எடுக்கும், சந்தேகமில்லை. ஆனாலும் அவருக்குள் இருக்கும் வாக்கியத்தை அவை தொடுவதில்லை என்று நினைக்கிறேன். நம் வேலையே வாக்கியம்தான். "இந்நிகழ்வில் மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டு பயனடைந்தனர்" என்று வருடம் முழுக்க எழுதுகிறோம். வேல்யூவேஷன் கேம்ப்பில் ஒரே நோட்ஸிலிருந்து வந்த ஒரே விடையைக் கட்டுக் கட்டாகப் படிக்கிறோம். வீட்டுக்கு வந்து கதையைத் திறந்தால் அதில் வரும் கிழவியும் "குறிப்பிடத்தக்கது" என்று பேசுகிறாள். எழுத வரவில்லை என்று நாம் கலங்குவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திறமை வற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அது வற்றவில்லை. பகலெல்லாம் பேசிய அலுவல் தமிழ் இன்னும் நாக்கைவிட்டு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அதை இறக்க நான் கண்ட வழி, எழுத உட்காரும் முன் நல்ல உரைநடை ஒன்றிரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படிப்பது. மனசுக்குள் படித்தால் பலிப்பதில்லை, சத்தம் வேண்டும். காதில் விழுந்த பேச்சை அப்படியே எழுதி வைப்பதும் உதவும். டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறைக்கு மல்லுக்கட்டும் அம்மாவின் நாலு வரி, ஆய்வுக் கட்டுரைத் தமிழிலிருந்து நம்மை வெளியே இழுத்துவிடும்.

அடுத்தது, எப்போது எழுதுவது? விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்று பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் வைத்தது யார் என்று யாரும் கேட்டதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு விடியற்காலை என்பது குக்கரும் டிபன் பாக்ஸும் ஸ்கூல் வேனும். இரவு பத்து மணிக்கு மேல் கண் நிற்காது. அதனால் நான் கல்லூரிக்குள்ளேயே எழுதுகிறேன். கடைசி ஹவர் முடிந்து டிபார்ட்மென்ட் காலியான பிறகு, அடுத்த பஸ் வரும்வரை இருக்கும் அந்த அரைமணி என்னுடையது. ஃப்ரீ ஹவர் கிடைத்தால் நூலகத்தில் ரெஃபரன்ஸ் பகுதியின் மூலை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தால் ஏதாவது ஒரு ஃபைல் தேடி வந்துவிடும். மொபைல் ஹேண்ட்பேக்கிலேயே இருக்கட்டும். லேப்டாப் வேண்டாம், அதில் கல்லூரியின் தரக் குழுவான ஐக்யூஏசியின் மெயில் காத்திருக்கும். நோட்டும் பேனாவும் போதும். டைப் செய்வது, பிழை பார்ப்பது எல்லாம் களைத்த நேரத்து வேலை, அதை இரவில் செய்யலாம். புதிதாக ஒரு வரி எழுத மட்டும் தெளிந்த நேரம் வேண்டும், அந்த நேரத்தை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள்.

மே மாத விடுமுறையை நம்பாதீர்கள். விடைத்தாள் திருத்தமும் அட்மிஷன் டூட்டியும் போக மிச்சமிருப்பது சொந்த ஊர்ப் பயணமும் உறவுக் கல்யாணங்களும்தான். அப்படியே நாட்கள் கிடைத்தாலும் ஆறேழு மாதம் தொடாத கதைக்குள் திரும்ப நுழையவே பாதி விடுமுறை ஓடிவிடும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், எழுத முடியாமல் திணறும் பேராசிரியர்களோடு நெடுங்காலம் வேலை செய்தவர். பெரிய ஓய்வுக்குக் காத்திருந்து ஒரே மூச்சில் எழுதுவதைவிட, அன்றாடம் கொஞ்ச நேரம் எழுதுவதே நிலைக்கும் என்றார். என் அனுபவமும் அதுதான். தினம் தொட்டு வைத்த கதை, உறை ஊற்றிய பால் மாதிரி, நாம் வகுப்பில் நிற்கும்போதும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"உ.வே.சா. சாதிக்கலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக அவரையே பார்ப்போம். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே பாடம் நடத்திக்கொண்டே 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று பதிப்பித்தார். நினைத்தால் கை தானாகக் கும்பிடும். ஆனால் அந்த வேலையை அவர் ஒற்றையாளாகச் செய்யவில்லை. ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்க நண்பர்களும் மாணவர்களும் கூட உட்கார்ந்தார்கள். ஏடு கொடுத்தவர்களும் பணம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அவருடைய உழைப்பை நமக்கு உதாரணம் காட்டுபவர்கள், அவரைச் சுற்றி இருந்த அந்தக் கூட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேலைக்கும் பதவி உயர்வுக்கும் பார்க்கிற பாயிண்ட் விஷயத்தையும் பேசிவிடுகிறேன். 2018 விதிமுறைகளின் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் மொழித் துறையினரின் ஆய்வுக் கட்டுரைக்கு 10, மொழிபெயர்த்த நூலுக்கு 8 என்று இருக்கிறது. சிறுகதைக்கோ கவிதைக்கோ தனியாக ஒரு வரி கிடையாது. இலக்கியம் நடத்துவதற்குச் சம்பளம் கொடுக்கும் அமைப்பு, இலக்கியம் எழுதுவதைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது அநியாயம். இது மாற வேண்டும், துறைக் கூட்டங்களில் வாய்திறந்து கேட்க வேண்டும். அதுவரை பாயிண்ட்டுக்காக மட்டும், காசு கட்டினால் போட்டுவிடும் இதழ்களில் கட்டுரை எழுதி உங்கள் அரைமணியைத் தொலைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு நேர்மையான கட்டுரை போதும். அதுவும் உங்கள் கதையின் உலகத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நான் ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரைக்காகச் சேகரித்த குறிப்புகளிலிருந்து இரண்டு கதைகள் வந்தன. கட்டுரைக்குள் அடங்காத பெண்கள் அந்தக் கதைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வரும் பெண் ஏற்கெனவே எழுதுகிறவள் என்றால், அத்தியாயத்தைக் கேட்கும்போது "கதை ஏதாவது எழுதினியாம்மா?" என்று ஒருமுறை கேளுங்கள். தீசிஸ் எந்த விதத்திலும் கெட்டுவிடாது. உயிருள்ள வாக்கியம் எழுதத் தெரிந்த கை ஆய்வேட்டையும் படிக்கிற மாதிரி எழுதும்.

எங்கள் ஊரில் வெவ்வேறு கல்லூரி ஆசிரியைகள் சிலர் சனிக்கிழமை பிற்பகல் ஒருவர் வீட்டு மாடியில் கூடுகிறோம். ஒரு மணி நேரம் பேச்சே இல்லாமல் எழுதுவோம், பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் படிப்போம். குழந்தைகள் கீழே விளையாடும், அன்று எழுத முடியாத ஒருத்தி பார்த்துக்கொள்வாள். கருத்து சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. செமஸ்டர் பரீட்சை நேரத்திலும் இதை நிறுத்துவதில்லை, திருத்த வேண்டிய தாள் கட்டோடு வருபவர்களும் அந்த ஒரு மணி நேரம் கட்டைப் பிரிக்கக் கூடாது. உங்கள் ஊரில் ஆரம்பிக்க மூன்று பேர் போதும். ஜூனில் டைம்டேபிள் கையில் வந்தவுடன் முதலில் இந்தச் சனிக்கிழமையைப் பேசி முடித்துவிடுங்கள்.