முதலில் பைப்பைப் பாருங்கள், அப்புறம் ஆளைப் பாருங்கள்

ஞாயிறு சாயங்காலம் வாசிப்பு வட்டத்தில் நடந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு இதற்குள் ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜ் போய்ச் சேர்ந்திருக்கும். தம்பி எழுதிய விண்கப்பல் கதையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன், கேப்டனுக்கு வால் பிடிக்கிறேன் என்று 'கப்பல்காரப் பண்ணையார்' பட்டம் கிடைத்தது. கைதட்டல் வேறு. சரி, பண்ணையாருக்குப் பேச இடம் கொடுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவார்.

கதையில் குளிர்விப்புக் குழாயின் கப்ளிங் ஒன்று, அதாவது இரண்டு குழாயைச் சேர்க்கும் இணைப்பு, வெடிக்கிறது. இரண்டு பேருக்குக் காயம். தலைமையகம் ஒரு விசாரணை அதிகாரியை அனுப்புகிறது. அந்த அம்மா கப்பலில் ஏறியதும் செய்யும் முதல் வேலை, நடுராத்திரி வாட்சில், அதாவது அவன் முறைப் பணியில், நிற்கும் சின்னப் பையனைக் கூப்பிட்டு, "உன் விசுவாசம் கேப்டனுக்கா, தலைமையகத்துக்கா?" என்று கேட்பது. "வாட்ச் முடியட்டும், அனுப்புகிறேன்" என்கிறார் கேப்டன். அதுவே குற்றமாகிவிடுகிறது. அவரை இறக்கிவிட்டு அடுத்த ஆளிடம் கப்பலைக் கொடுக்கிறார் அந்த அம்மா. கப்பல் இரண்டு கட்சியாகிறது. கடைசியில் கேப்டன் தலைகுனிகிறார், நீதி வெல்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு ஜீவன்கூட அந்த உடைந்த கப்ளிங்கை நேரில் போய்ப் பார்க்கவில்லை!

நான் சொன்னது இவ்வளவுதான்: முதலில் பைப்பைப் பாருங்கள், அப்புறம் ஆளைப் பாருங்கள்.

விசாரணைக்கு வரும் ஆளுக்கு நேரம்தான் முதல் எதிரி. கப்பலில் விடிஆர் என்று ஒரு பெட்டி உண்டு. விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு அண்ணன் தம்பி. பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், பேசிய பேச்சு, ரேடார் படம், கொடுத்த ஆர்டர், எல்லாம் அதில் ஏறும். பழைய மாடலில் 12 மணி நேரம்தான் தங்கும். 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்தியவற்றின் கேப்சூல் என்கிற பாதுகாப்புக் கூட்டில் 48 மணி நேரம். அதற்குமேல் பழையதை அழித்துப் புதியது எழுதிக்கொண்டே போகும். ஆகவே முதல் கேள்வி "சேவ் அமுக்கினீர்களா?" என்பது. "விசுவாசம் யாருக்கு" என்பது அல்ல. அமுக்காமல் விட்டால் விசுவாசத்தை வைத்துக்கொண்டு வத்தக்குழம்புதான் வைக்க முடியும்.

அடுத்தது கடிகாரங்கள். இஞ்சின் ரூம் அலாரம் பிரிண்டரில் ஒரு நேரம், லாக் புத்தகத்தில் ஒரு நேரம், விடிஆரில் உலகப் பொது நேரம். மூன்றும் ஒத்துப்போகும் கப்பல் அபூர்வம். ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் முன்பின் ஓடுகிறது என்று அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். வைக்காவிட்டால், அலாரம் அடித்த பிறகு வால்வை மூடிய ஆள், அடிப்பதற்கு முன்பே மூடியவனாகக் காகிதத்தில் நிற்பான். பொய் சொன்னான் என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். சண்டை என்னவோ இரண்டு கடிகாரத்துக்கு.

அப்புறம் உடைந்த பாகம். துடைப்பதற்கு முன் போட்டோ. உடைந்த போல்ட்டின் இரண்டு துண்டையும் "பொருந்துகிறதா பார்ப்போம்" என்று சேர்த்து அழுத்திப் பார்க்கவே கூடாது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கை அங்கேதான் போகும். உடைந்த முகத்தில்தான் கதையே எழுதியிருக்கிறது. மெரினாவில் அலை திரும்பிப் போன பிறகு ஈர மணலில் வரி வரியாகக் கோடு நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிக் கோடுகள் இரும்பில் இருந்தால், அந்த வெடிப்பு பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டைச் சரியான டார்க்கில், அதாவது சரியான முறுக்கு விசையில், இறுக்காமல் விட்டால் பெரும்பாலும் இப்படித்தான் சாகும். கோடே இல்லாமல் முழு முகமும் சொரசொரப்பாக இருந்தால், ஒரே அடியில் போனது. முதல் வகை என்றால் ஆறு மாதத்துக்கு முன் ஓவர்ஹால் செய்த ஆளைத் தேட வேண்டும், அவன் இப்போது கப்பலிலேயே இல்லாமல் இருக்கலாம். இரண்டாம் வகை என்றால் அன்றைய பிரஷர் ஏன் எகிறியது என்று தேட வேண்டும். பைப்பைப் பார்க்காதவருக்கு யாரை விசாரிப்பது என்பதே தெரியாது. கையில் கிடைத்த சின்னப் பையனைத்தான் விசாரிப்பார்.

எண்ணெய் சாம்பிள் எடுத்தால் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டிலில். சீல் வைத்து இரண்டு தரப்பும் கையெழுத்து, கப்பலுக்கு ஒரு பாட்டில். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆள்.

ஆளிடம் பேசவும் முறை இருக்கிறது. கடலோடிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு. அதை இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் ஒரு பங்காவது 6 மணி நேரம் இருக்க வேண்டும். 7 நாளில் 77 மணி நேரம். இது சட்டம், கேப்டன் போடும் பிச்சை அல்ல. தூங்காத ஆளிடம் வாங்கும் வாக்குமூலம் வாங்குகிறவரின் குரலில்தான் இருக்கும். அந்த வாட்ச் முடியட்டும் என்று கேப்டன் சொன்னதைத்தானே பண்ணைத் திமிர் என்றீர்கள்? வாட்சில் நிற்கிறவனைக் கூப்பிட்டுக்கொண்டால் அலாரத்துக்கு யார் பதில் சொல்வது? அந்த அம்மாவா?

கட்டளை, விசுவாசம் என்று பெரிய பெரிய வார்த்தையாகப் பேசுகிறோம். கப்பலில் அது நடப்பது சின்ன இடத்தில். "ஸ்டார்போர்ட் டென்" (சுக்கான் வலப்பக்கம் பத்து டிகிரி) என்று ஆர்டர் வந்தால் சுக்கான் பிடிப்பவர் அதையே திருப்பிச் சொல்வார். சுக்கானைத் திருப்பிவிட்டு மறுபடி சொல்வார். கொடுத்தவர் அதைக் காதில் வாங்குவார். அவ்வளவுதான் மகாபெரிய விசுவாசம். இதில் யாரும் யாருக்கும் அடிமை இல்லை. பிரிட்ஜில் இரண்டு பேர் ஆளுக்கொரு ஆர்டர் கொடுத்தால் அந்த மனிதர் ஒரு நொடி யோசிப்பார். யோசிக்கும் அந்த ஒரு நொடியில்தான் கப்பல் தரை தட்டும்.

வெளியாளே வரக்கூடாதா என்று கேட்கிறீர்கள். வரட்டுமே! நம்ம சென்னைத் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் உள்ளே வழிகாட்ட தினமும் ஒரு வெளியாள் ஏறுகிறார். பைலட். கடல் மட்டத்திலிருந்து ஏறும் உயரம் 9 மீட்டருக்கு மேல் போனால் கயிற்றேணியோடு அக்காமடேஷன் ஏணி என்கிற பக்கவாட்டுப் படிக்கட்டையும் சேர்த்துக் கட்டி ஏற்றுவார்கள். மேலே வந்ததும் பைலட் கார்டை வாங்கிப் பார்ப்பார்: டிராஃப்ட் (கப்பல் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம்) எவ்வளவு, இஞ்சின் எந்த வேகத்தில் சுற்றினால் கப்பல் எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்), பழுது ஏதாவது உண்டா. அப்புறம் ஆர்டர் அவர் வாயிலிருந்துதான் வரும். ஆனாலும் கேப்டன் கேப்டன்தான், பொறுப்பு அவருடையதுதான். 'யார் பக்கம் நீங்கள்' என்று எந்தப் பைலட்டும் சுக்கான்காரரிடம் கேட்டதில்லை. முதலில் கார்டைப் பார்க்கிறார், அப்புறம்தான் ஆளைப் பார்க்கிறார்.

"இது விண்கப்பல் அண்ணே, உங்க கப்பல் இல்லை" என்றார் ஒருவர். சரி, விண்வெளிக்கே போவோம். 2018 ஆகஸ்ட் கடைசியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் காற்றழுத்தம் மெல்லக் குறைந்தது. மேலே ஆறு பேர். தேடிப் பார்த்தால் சோயுஸ் எம்எஸ்-09 கலத்தில் 2 மில்லிமீட்டர் அளவில் துளை, துளைப்பான் போட்ட மாதிரி. முதலில் டேப் ஒட்டினார்கள், பிறகு எபாக்சி வைத்து அடைத்தார்கள். பழுது பார்த்தது யார்? சந்தேகத்துக்கு ஆளான அதே குழு. கீழே தரையில் என்ன நடந்தது? ரஷ்ய விண்வெளி அமைப்பின் தலைவர் ரோகோசின், மேலே இருப்பவர்களே வேண்டுமென்று செய்திருக்கலாம் என்பதையும் ஒரு சாத்தியமாக மைக்கில் பேசினார். எங்கள் குழுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நிலையத்தின் கமாண்டர் ஃபியூஸ்டல் அங்கிருந்தே பேட்டி கொடுக்க வேண்டி வந்தது. யோசித்துப் பாருங்கள். ஆறு பேரும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள், கதவைத் திறந்து வெளியே போய் ஒரு டீ குடிக்க வழியில்லை. அங்கே போய், உங்களில் ஒருவன் ஓட்டை போட்டான் என்று கீழேயிருந்து சொல்கிறார்கள்.

அப்போதும் உருப்படியாக நடந்த ஒரே காரியம் பைப்பைப் பார்த்ததுதான். டிசம்பர் 11 அன்று இரண்டு ரஷ்ய வீரர்கள் வெளியே போய், ஏழே முக்கால் மணி நேரம் தொங்கிக்கொண்டு, கத்தியால் வெப்ப உறையை அறுத்து, துளையை வெளிப்பக்கத்திலிருந்து பார்த்து, சாம்பிள் எடுத்து வந்தார்கள். ஏன் அவ்வளவு பாடு? துளை இருந்த பகுதி பூமிக்குத் திரும்பாது, காற்று மண்டலத்தில் எரிந்துபோகும். அதற்குள் பார்த்தால்தான் உண்டு. அப்படியும் வாய் ஓயவில்லை. 2021-இல் அந்தக் குழுவிலிருந்த அமெரிக்கப் பெண்ணின் மேலேயே பழியைப் போட்டு ரஷ்யச் செய்தி நிறுவனம் எழுதியது. நாசா மறுத்து அவர் பக்கம் நின்றது. அதையும் பண்ணைத்தனம் என்பீர்களோ?

இனி ஆட்சேபணைகள். 'கேப்டன்கள் மூடி மறைப்பதே இல்லையா?' மறைக்கிறார்கள். சீஃப் இஞ்சினியர்களும் மறைக்கிறார்கள். மேஜிக் பைப் என்று கூகுளில் தட்டுங்கள். எண்ணெய்த் தண்ணீரை எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டர் வழியாக விட்டு, எண்ணெய் 15 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 15 பங்குக்கு, கீழே வந்த பிறகுதான் கடலில் விட வேண்டும். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு குழாயை மாட்டி ராத்திரியில் அப்படியே தள்ளிவிடுகிற திருட்டு உண்டு. காட்டிக்கொடுக்கும் ஆயிலருக்கு (இஞ்சின் ரூம் உதவியாளருக்கு) அபராதத்தில் பாதி வரை தரலாம் என்று அமெரிக்கச் சட்டமே இருக்கிறது. அந்த ஆயிலர் செய்தது சரி. இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அங்கே ஏறும் கோஸ்ட் கார்டு அதிகாரி என்ன செய்வார் தெரியுமா? குழாய் இணைப்பின் ஃபிளேஞ்சு போல்ட்டில் புது ஸ்பானர் தடம் இருக்கிறதா, பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். வெளியேற்றும் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்ப்பார். பிசுபிசுப்பு இருந்தால் ஆயில் ரெக்கார்டு புத்தகத்தையும் டேங்க் சவுண்டிங்கையும் (டேங்கில் இருக்கும் அளவையும்) ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார். அப்புறம்தான் ஆள். அங்கேயும் பைப்தான் முதல்!

'சின்னப் பையனுக்கு வேறு வழி ஏது?' இருக்கிறது. கப்பல் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான ஐஎஸ்எம் விதிப்படி கரையில் கம்பெனி நியமித்த டிபிஏ என்று ஒருவர், நிர்வாகத்தின் உச்சி வரை நேரே போகக்கூடியவர். அவர் போன் நம்பர் கப்பலில் ஒட்டியிருக்கும். சென்னை ராஜாஜி சாலையில் கப்பல் வேலைக்கான ஓரல் தேர்வுக்குக் காத்து நிற்கும் எந்தப் பையனைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வான்.

'இது வெறும் கதைதானே' என்பவர்களுக்கு என்னிடம் பொறுமை தீர்ந்துவிட்டது. கைதட்டும்போது கதை என்று நினைத்தா தட்டினீர்கள்?

2007 டிசம்பர் 7. ஹெபெய் ஸ்பிரிட் என்கிற எண்ணெய்க் கப்பல் தென் கொரியாவில் நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது, ஓடவில்லை. இழுவைக் கயிறு அறுந்த ஒரு கிரேன் பார்ஜ் (கிரேன் ஏற்றிய மிதவை) வந்து அதன்மேல் மோதியது. பத்தாயிரம் டன்னுக்கு மேல் எண்ணெய் கடலில். கேப்டன் ஜஸ்பிரீத் சாவ்லா, சீஃப் ஆபீசர் ஸ்யாம் சேத்தன், இரண்டு பேரும் இந்தியர்கள். 2008 ஜூனில் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தார்கள், ஆனால் நாட்டை விட்டுப் போகவிடவில்லை. டிசம்பரில் மேல்முறையீட்டில் சிறை. வீடு வந்து சேர 2009 ஜூன் ஆனது. விபத்து விசாரணை என்பது பழி சுமத்த அல்ல என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதி எழுதியதும் அதே 2008-இல்தான். ஒரு பக்கம் விதி, ஒரு பக்கம் சிறை. அன்றைக்கு நம்ம ஊரில் எத்தனை பேர் அவர்களுக்காக வாய் திறந்தீர்கள் என்று கேட்க மாட்டேன், ஏனென்றால் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதே எனக்குச் சந்தேகம். ஆறு மாதம், ஒன்பது மாதம் கடலில் கிடந்துவிட்டு வருகிறவனைப் பார்த்து 'டியூட்டி ஃப்ரீ எங்கே' என்று கேட்கத் தெரிந்த ஊர், அவன் ஜெயிலில் இருக்கும்போது பெயர்கூடக் கேட்கவில்லை. பண்ணையாராம்.

விடுங்கள். தம்பி, உன் எழுத்தில் எனக்குக் கோபமில்லை, கப்ளிங் வெடிக்கும் அந்த இரண்டு பக்கம் பிரமாதம். இரண்டாம் பாகம் எழுதுவதாகச் சொன்னாய். அந்த அம்மா மறுபடி வரட்டும். வந்ததும் கையுறை, டார்ச், ஒரு பாய்லர் சூட் கொடுத்து நேரே கீழே இறக்கு. அந்தப் பையன் அப்போது வாட்சில் இருக்கட்டும், கேஜைப் பார்த்துக்கொண்டு. அவனிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கப்ளிங் தம்பி, காட்டு" என்று இருக்கட்டும்.