நியூ ஆர்லியன்ஸ் போர்: போர் முடிந்த பிறகு நடந்ததா?

"1815 ஜனவரி 8-இல் நியூ ஆர்லியன்ஸில் செத்தவர்கள் எல்லாரும் வீணாகச் செத்தார்கள், போர் ஏற்கெனவே முடிந்துவிட்டது" என்று ஒரு பதிவு திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. இது தவறு. இங்கே போர் என்பது 1812-இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே தொடங்கிய போர்; நியூ ஆர்லியன்ஸ் அமெரிக்காவின் தெற்கில் உள்ள துறைமுக நகரம்.

1814 டிசம்பர் 24-இல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரில் அமெரிக்காவும் பிரிட்டனும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது உண்மைதான். ஆனால் அதன் முதல் பிரிவே, இரு தரப்பும் அதை முறைப்படி ஏற்ற பிறகுதான் சண்டை நிற்கும் என்கிறது. பிரிட்டன் சில நாளிலேயே ஏற்றுக்கொண்டது, சரி, ஆனால் தாள் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து வர வேண்டுமே! அமெரிக்க செனட் அதை ஏற்றது 1815 பிப்ரவரி 16-இல். அதுவரை சட்டப்படியும் போர்தான், களத்திலும் போர்தான். நியூ ஆர்லியன்ஸில் தோற்ற பிறகும் பிரிட்டிஷ் படை ஓய்ந்துவிடவில்லை. அமெரிக்கத் தென்கரையில் உள்ள மொபைல் விரிகுடாவின் வாயிலில் இருந்த போயர் கோட்டையை பிப்ரவரியில் பிடித்தது.

மிசிசிப்பி ஆற்று வணிகம் கிட்டத்தட்ட முழுக்க நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் வழியாகத்தான் போனது. அதைக் காக்க அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் மண் அரணுக்குப் பின்னால் டென்னசி, கென்டக்கி ஆட்களோடு சுதந்திரக் கறுப்பினப் படைப்பிரிவுகளும், சாக்டா பழங்குடி வீரர்களும், லஃபீத்தின் கடற்கொள்ளையர்களும் நின்றார்கள். எதிரில் வந்த தளபதி பேக்கன்ஹாம் உட்பட சுமார் 2,000 பேரை பிரிட்டன் இழந்தது, இதில் காயம்பட்டவர்களும் பிடிபட்டவர்களும் அடக்கம். அன்று அந்தக் களத்தில் நின்ற இரண்டு படைகளுக்குமே கென்ட் செய்தி போய்ச் சேர்ந்திருக்கவில்லை.