ஓக்லாந்து கைவிடவில்லை

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து ஊரை விட்டு அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணி போனதைப் பற்றிய பதிவு ஒன்றுக்குக் கீழே முந்தாநாள் நடந்த சண்டையைப் பார்த்திருப்பீர்கள். மறுபடி விளக்க எனக்குத் தெம்பில்லை. ஒரு வரி மட்டும் தூங்கவிடவில்லை: “ஆளே வராத மைதானத்துக்கு டீம் எதுக்கு?”

ஆள் வராமல் இல்லை. அணியை நடத்தியவர்கள்தான் வரவிடாமல் செய்தார்கள்.

மேட் ஓல்சன், மேட் சாப்மன், ஷான் மர்ஃபி என்று நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரையும் 2022-க்குள் வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். டிக்கெட் விலையை ஏற்றினார்கள். 2023-ல் 162 ஆட்டங்களில் 112 தோல்வி. கடையில் இருந்த சரக்கையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, விலையையும் கூட்டிவிட்டு, ஊர்க்காரன் வாங்க வரவில்லை என்று பழி போடுவதா?

அப்போதும் வந்தோம். 2023 ஜூன் 13, வேலைநாள், செவ்வாய்க்கிழமை. ரசிகர்களே பேசிவைத்து 27,759 பேர் எங்கள் மைதானமான கொலிசியத்தில் கூடினோம். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, டீமை விற்றுவிடு என்று தொண்டை கட்டும்வரை கத்தினோம். அணியின் உரிமையாளர் ஜான் ஃபிஷர் விற்கவில்லை. அதே வாரம் நெவாடா சட்டமன்றம் அணிக்கு லாஸ் வேகாஸில் புது மைதானம் கட்ட 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தர ஒப்புக்கொண்டது. நவம்பரில் மற்ற அணிகளின் உரிமையாளர்களும் ஒருவர்கூட எதிர்க்காமல் அந்த இடமாற்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள்.

2018-ல் அப்பா மதுரையிலிருந்து வந்திருந்தார். பேஸ்பால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஃப்ரீமாண்ட்டில் பார்ட் ரயில் ஏறி, கொலிசியத்தில் இறங்கி, அந்த நீளப் பாலத்தில் நடந்தோம். உள்ளே மேளச் சத்தம் கேட்டதும், “கொட்டு இருக்கா, அப்பச் சரி” என்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி, சின்ன வயதிலிருந்து வருகிறவர். அப்பாவுக்கு ஸ்கோர் தாளில் குறிக்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. மூன்று மணி நேரம் விரலைக் காட்டியே பேசிக்கொண்டார்கள். அந்தத் தாள் இன்னும் மதுரை வீட்டு பீரோவில் இருக்கிறது.

வியாபாரம்தானே என்பீர்கள். சரி, வியாபாரம் என்றால் மைதானத்தைச் சொந்தக் காசில் கட்டட்டும். நகர நிர்வாகம் இழுத்தடித்தது என்பீர்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. கொலிசியத்தில் சாக்கடை பொங்கியதும் உண்மை. அதற்காக ஊரையே குற்றவாளியாக்காதீர்கள். கூடைப்பந்து அணி வாரியர்ஸ் 2019-ல் போனது, அமெரிக்கக் கால்பந்து அணி ரெய்டர்ஸ் 2020-ல் போனது, 2024-ல் இதுவும். மூன்றையும் ஊர்தான் விரட்டியதா?

“அதுவே ஃபிலடெல்ஃபியா, கான்சஸ் சிட்டியெல்லாம் சுற்றி வந்த டீம்தானே” என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், 1968-ல்தான் வந்தது. 57 சீசன், 4 உலகத் தொடர் கோப்பை. ஓக்லாந்தில் வளர்ந்த ரிக்கி ஹெண்டர்சன் அந்த மைதானத்தில்தான் ஓடி ஓடி பேஸ் திருடினார்; பந்து அடிபடும் முன்பே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதுதான் அது. வந்தது என்பதற்காக ஊர் சொந்தமில்லை என்றால், நானும் வந்தவன்தான். நீங்களும்தான். நாளைக்கு நம்மிடம் யாராவது இதைச் சொன்னால் பொறுத்துக்கொள்வீர்களா?

இப்போது மேற்கு சாக்ரமெண்டோவில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடுகிறார்கள். பெயரில் எந்த ஊரும் இல்லை. வெறும் அத்லெடிக்ஸ்.

2024 செப்டம்பர் 26, கடைசி ஆட்டம். 46,889 பேர். ஆளே வராத மைதானம். அப்பா போனில் கேட்டார்: “அந்தம்மா இனி எங்கிட்டுப் போயி மேட்ச் பாக்கும்?” பழைய இருக்கைப் பக்கம் போய்த் தேடினேன். அங்கே வேறு யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.