பெண் கொடுக்கிற மாதிரிதான் கேட்பேன்

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒரு போன். "பூனைக்குட்டி சும்மா தர்றீங்களாமே, வெள்ளை இருக்கா?" பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. வெள்ளை இல்லை சார், சாம்பல் வரி போட்டது இரண்டும் கறுப்பு ஒன்றும் இருக்கிறது என்றேன். "சாம்பல்ல ஆண் இருந்தா போதும், காலைல பையனை அனுப்பறேன்" என்றார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்க ஆரம்பித்தேன். எத்தனையாவது மாடி, பால்கனிக்கு வலை அடித்திருக்கிறதா, வாடகை வீடென்றால் ஓனரிடம் சொல்லியாகிவிட்டதா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். நாலாவது கேள்விக்கே அவருக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "ஏன் மேடம், தெருப்பூனையைச் சும்மா குடுக்கறதுக்கு என்னமோ பொண்ணு குடுக்கற மாதிரி இத்தனை கேள்வி?" போனை வைத்துவிட்டார்.

ஆமாம் சார். பெண் கொடுக்கிற மாதிரிதான் கேட்பேன்.

இந்தச் 'சும்மா' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அந்த மூன்று குட்டிகளும் எப்படி வந்தன தெரியுமா? ஏழு வாரத்துக்கு முன்னால், ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு கேட்டில் ஒரு ஆப்பிள் பெட்டி. மூடியை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஐந்து குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. கூடவே ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட். பால் வாங்கி வைத்ததில் அவர்கள் மனசு ஆறியிருக்கும். பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டிக்குப் பசும்பால் கொடுத்தால் வயிறு தாங்காது, பேதியாகி உடம்பில் இருக்கும் நீரெல்லாம் வற்றிப் போய்விடும். அது தெரியாதென்றே வைத்துக்கொள்வோம். டேப் போட்ட பெட்டிக்குள் மூச்சு முட்டும் என்பதுமா தெரியாது?

சமையலறைத் தராசில் வைத்தேன். பெரியது 160 கிராம், சின்னது 120. உடம்பு ஜில்லென்று இருந்தது. குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் ஊட்டக் கூடாது, ஊட்டினால் செரிக்காது, செத்துப்போகும். முதலில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டும். அப்புறம்தான் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடரைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. மனிதக் குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புறப் படுக்க வைத்துத்தான் ஊட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. அது முடிந்தால் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிட்டால்தான் அந்த வயதுக் குட்டிக்கு மூத்திரமே வரும், தாய் இல்லாத இடத்தில் நாம்தான் தாய். ஒரு நாளைக்குப் பத்து கிராம் ஏறினால் எனக்கு அன்றைக்குத் தீபாவளி. இரண்டாம் நாள் ராத்திரி 120 கிராம் குட்டி என் உள்ளங்கையிலேயே போய்விட்டது. நாலாம் நாள் இன்னொன்று. மிச்சம்தான் இந்த மூன்று. இதைத்தான் அவர் சும்மா என்கிறார்.

அந்தப் பெட்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாய்ப்பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள் இல்லையா? இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைக்கும். ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வருவதற்குள் நேரமாகும். இரை தேடப் போனாலும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். "அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு, பாவம்" என்று பாதிப் பேர் தூக்கிக்கொண்டு வருவது இந்த இடைவெளியில்தான். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். குட்டிகள் கதகதப்பாக, வயிறு நிறைந்து, சத்தம் போடாமல் தூங்கினால் தாய் எங்கோ பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். பிடுங்கி வந்த குட்டிக்கு நான் என்ன செய்தாலும் அதன் தாய்க்கு ஈடாக மாட்டேன். அங்கே அந்தத் தாய் பால் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு அலையும். கேட்டவர்களுக்குத் தெரியும் அது என்ன சத்தம் என்று.

சரி, வலைக்கு வருகிறேன். ஏன் வலை வலை என்று உயிரை எடுக்கிறேன்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் மிளகு என்று ஒரு கறுப்புக் குட்டி. கறுப்பு என்பதால் நாலு மாதம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சகுனமாம். நாலு மாதம் என் தலையணையில்தான் தூங்கினான். கடைசியில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள், நன்றாகப் படித்தவர்கள், பார்த்தவுடன் அந்தப் பெண் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டான். நாலாவது மாடி. வலை இல்லை. "அடுத்த வாரம் ஆள் வர்றாங்க அக்கா, போட்டுடுவோம்" என்றார்கள். கறுப்புக் குட்டியைக் கேட்டு ஒருவர் வந்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டேன். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். காலில்தான் நிற்கும், கால் உடையும், தாடை உடையும், நுரையீரல் கிழியும். கம்பியில் புறா வந்து உட்கார்ந்தால் அதன் கண்ணுக்கு மாடி தெரியாது, புறாதான் தெரியும்.

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "ஹாய் அக்கா, மிளகு போன சண்டே பால்கனிலேர்ந்து விழுந்துட்டான், சர்வைவ் ஆகல. வேற குட்டி எதாவது இருக்கா?"

இரண்டும் ஒரே செய்தியில். நடுவில் ஒரு முற்றுப்புள்ளி, அவ்வளவுதான். புறா வலை அடிக்க எவ்வளவு செலவாகும் என்று நினைக்கிறீர்கள்? அந்த வீட்டில் சுவரில் மாட்டியிருந்த டிவியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது.

அதற்கப்புறம் யார் 'அடுத்த வாரம்' என்று சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

அப்புறம் இந்த 'ஆண் குட்டி'. பத்துப் பேர் கேட்டால் எட்டுப் பேருக்கு ஆண்தான் வேண்டும். பெண் என்றால் வேண்டாம் என்பது இந்த ஊரில் பூனை வரைக்கும் வந்துவிட்டது. போன மாதம் ஒரு அம்மா, மூன்று நிறம் கலந்த குட்டிதான் வேண்டும், அதுவும் ஆணாக இருக்க வேண்டும் என்றார். மூன்று நிறம் வந்தாலே கிட்டத்தட்ட எப்போதும் பெண்தான்மா, அந்த நிறத்துக்கான மரபணு உட்காரும் இடம் அப்படி, ஆண் பிறப்பது அபூர்வம் என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப வர்றப்ப சொல்லுங்க" என்றார். பெண் வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணம், குட்டி போட்டுவிடும் என்பது. கருத்தடை செய்தால் போடாது! நாலைந்து மாதத்திலேயே பூனை கருத்தரித்துவிடும், ஒன்பது வாரத்தில் பிரசவம், அந்தக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினை பிடிக்கும். நம் ஊர் வெயிலுக்கு வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அதற்குச் சீசன்தான். அதனால்தான் கருத்தடைக்கு எழுதி வாங்கிக்கொண்டு தருகிறேன். செலவுக்குக் கஷ்டமென்றால் நானே கூட்டிப்போய்ச் செய்து தருகிறேன் என்றும் சொல்கிறேன். "ஒரு தடவையாவது தாய் ஆகட்டுமே, பாவம் இல்லையா" என்று தள்ளிப்போட்டுவிட்டு, எட்டு மாதம் கழித்துப் போன் வரும். "உங்க பூனை நாலு குட்டி போட்டிருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க."

உங்க பூனை! குட்டியாக இருந்தபோது தினமும் ஸ்டேட்டஸில் வைத்தீர்களே, அப்போது யார் பூனை?

கல்யாணமான வீடுகளுக்குக் கொடுக்கும்போது இன்னொரு பயம். வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே மாமியார், அத்தை, எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்து பூனையைக் கட்டைப்பையில் போட்டுவிடுவார்கள். முடி வயிற்றுக்குள் போய்க் குழந்தையைச் சுற்றிக்கொள்ளுமாம். அப்படி எதுவும் கிடையாது. டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு கிருமி உண்டு, அது உண்மை. தொற்று இருக்கும் பூனையின் மலத்தில் வரும், ஆனால் வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்தால்தான் அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கே வரும். தினமும் மலத்தொட்டியைக் கணவர் சுத்தம் செய்தால் விஷயம் முடிந்தது. சரியாக வேகாத கறியிலிருந்தும் கழுவாத காய்கறியிலிருந்தும் அது வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், அதற்காக யாரும் கீரைக்காரம்மாவைத் துரத்துவதில்லை. டாக்டரிடம் கேளுங்கள், ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கேட்காமல் ஒரு உயிரை மார்க்கெட் ஓரத்தில் விட்டுவிட்டு வருகிறீர்களே, மூன்று வருடம் மெத்தையில் தூங்கிய பூனைக்குத் தெருநாய் என்றால் என்னவென்று தெரியுமா?

விட்டுவிட்டு வருவது குற்றம், அதையாவது தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சென்னையில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பலனாக 1960-இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம், பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக அதே தொகை. இன்றைக்கு ஐம்பது ரூபாய்க்கு ஒரு கட்டைப்பைதான் வாங்கலாம்.

எல்லோரையும் சொல்லவில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்றாலும் அந்த அம்மாவைச் சொல்லாமல் விட முடியாது. வியாசர்பாடி பக்கம் ஹவுசிங் போர்டு வீடு, இரண்டாவது மாடி, வீட்டு வேலைக்குப் போகிறவர். குட்டியைக் கேட்டு வருவதற்கு முன்னாலேயே ஜன்னலுக்கும் வராண்டாவுக்கும் புறா வலையைத் தானே கட்டி, போட்டோ எடுத்து அனுப்பினார். மூலையில் கயிறு சரியாக நிற்காத இடத்தில் பழைய புடவைக் கரையைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தார். நான் கேள்வி கேட்கவே இடம் கொடுக்கவில்லை, அவர்தான் கேட்டார். பூச்சி மருந்து எப்போ, அடுத்த ஊசி எப்போ, மீன் தலையில் முள் எடுக்கணுமா, ஆபரேஷனுக்கு எத்தனை நாள் லீவு போடணும். என் வீட்டிலிருந்து எடுத்துப் போன குட்டிக்கு இப்போது நாலு வயது. இன்றைக்கும் அதன் பிறந்தநாள் என்று அவர் வைத்திருக்கும் நாளில் எனக்கு போன் வரும். ஆகவே வசதி இருந்தால்தான் முடியும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். ஏசி ரூம் கேட்கவில்லை. தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்காதீர்கள் என்கிறேன், ஏனென்றால் பூனை கறி தின்னப் பிறந்த பிராணி, டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். நீங்கள் சைவமென்றால் பூனைக்கென்று விற்கும் உணவை வாங்கிப் போடுங்கள், கையால் கறி தொடவே வேண்டாம். எட்டு வாரம் ஆகாமல் கேட்காதீர்கள் என்கிறேன், முதல் தடுப்பூசியே அப்போதுதான். இதெல்லாம் கேட்டால் நான் திமிர் பிடித்தவளாம்.

பல்லாவரத்திலிருந்து ஒரு குடும்பம் சாம்பல் பெண்குட்டியையும் கறுப்பையும் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது மாடி. வலை அடித்தாயிற்று என்று சொன்னார்கள், போட்டோ அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் கூடையில் வைத்து ஆட்டோவில் நானே கொண்டுபோகிறேன். முதலில் பால்கனிக்குப் போவேன். வலை இல்லையென்றால் கூடையைத் திறக்காமலே அதே ஆட்டோவில் திரும்பி வந்துவிடுவேன்.