எலும்பில் கிடக்கும் ஈயம்

கடலூர் சோனாங்குப்பத்தில் சித்தப்பா வீட்டு முற்றத்தில் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பார்கள். பழைய பேட்டரியில் எடுத்த ஈயம். சட்டியில் உருகும்போது வெள்ளி மாதிரி மின்னும், கொஞ்ச நேரத்தில் மேலே சாம்பல் ஆடை படியும். அதைக் கரண்டியால் வழித்துப் போடுவது நானும் சித்தப்பா மகளும்தான். ஒன்பது, பத்து வயசு. கை கழுவாமல் அப்படியே முறுக்கு தின்போம்.

போன மாசம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. 2 கிலோ 100 கிராம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவளைத்தான் கேட்டார்கள்: "ஒழுங்கா சாப்பிடலியாடி?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

எடை குறைய எத்தனையோ காரணம் இருக்கும். இவளுக்கு ஈயம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது, யாரும் சோதித்தே பார்க்கவில்லையே! அவளுடைய தாய் சேய் நலப் புத்தகத்தைப் புரட்டினேன். எடை, பிரஷர், ஹீமோகுளோபின், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் இருக்கிறது. ஈயம் என்ற சொல்லே இல்லை.

உள்ளே போன ஈயத்தைக் கால்சியம் மாதிரியே உடம்பு எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இருபது, முப்பது வருஷம்கூட அங்கே கிடக்கும். வயிற்றுப் பிள்ளைக்குக் கால்சியம் போதாவிட்டால் தாயின் எலும்பு கரைந்து கொடுக்கும், ஈயமும் சேர்ந்து கிளம்பும். நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. பத்து வயசில் விழுங்கிய தூசு இப்படித்தான் பிள்ளைக்குப் போகிறது. 'மாசமானதும் ஜாக்கிரதையா இரு' என்பது ரொம்பத் தாமதமான புத்திமதி. ஈயம் கூடுதலாக இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு எடையும் தலைச் சுற்றளவும் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் நஞ்சுக்கொடியிலேயே தங்கி, பிள்ளைக்குப் போகும் துத்தநாகத்தை மறிக்கும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் ஊரில் இதைப் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாட்டிலேயே மோசமாக மாசுபட்ட 43 இடங்களில் கடலூரையும் சேர்த்தது. குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து சிப்காட் தொழிற்பேட்டைக் கிராமங்களிலும் மீனவக் குப்பங்களிலும் முதல் செக்கப்பிலேயே ரத்த ஈயப் பரிசோதனை சேர்க்க வேண்டும். ஊசி குத்துவது எப்படியும் குத்துகிறார்கள், இன்னும் ஒரு குப்பி ரத்தம்தானே. கல்யாணத்துக்கு முன்பே, பள்ளிக்கூடத்திலேயே பார்த்தால் இன்னும் நல்லது.

அப்புறம், அந்தக் கால்சியம் மாத்திரை. சுண்ணாம்பு மாதிரி இருக்கிறதென்று பலர் தூக்கிப் போடுகிறார்கள். போடாதீர்கள். மெக்சிகோ நகரத்தில் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்ததில் ரத்த ஈயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் விடாதீர்கள், ரத்தசோகை இருந்தால் குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். இரண்டையும் ஒரே நேரத்தில் மட்டும் விழுங்க வேண்டாம். பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அதற்காக மீனையே விட வேண்டியதில்லை. மாசமாக இருக்கும்போது சுறாவை விட்டுவிட்டு நெத்திலி, மத்தி சாப்பிடலாம்.

தங்கச்சி இன்னும் மூன்று மாசம் தாய் வீட்டில்தான் இருப்பாள். அந்தச் சட்டியும் முற்றத்திலேயே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் பேசி, ஈயம் உருக்குவதை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சொல்லப் போகிறேன்.